இரண்டாம் தாளின் பின்பக்கம்

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

இன்று காலை கண் விழித்ததும் முதல் காரியமாக நாடியைப் பிடித்துப் பார்த்தேன். கட்டிலை விட்டு இறங்கவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை. அத்தை கூப்பிட்டதற்குப் பதில் சொல்லவில்லை. இடது மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுக்க எண்ணினேன். எழுபத்து நான்கு. குறித்து வைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

நானும் அத்தையும் நலமாக இருக்கிறோம். உன் ரத்த அழுத்தம் இப்போது எவ்வளவு என்று எழுது.

சிறை மருத்துவர் உன்னை முற்றத்தில் நடக்கச் சொன்னாராம். நீ நடையை ஓட்டமாக்கி, ஓட்டத்தை மாரத்தான் வரை கொண்டு போய்விட்டாய். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட உடம்புக்குள் என்னென்ன மாற வேண்டும் என்று நூலகத்தில் பார்த்து எழுதச் சொன்னாய். பார்த்தேன். அட்டை கிழிந்த ஒரே ஒரு புத்தகம் இருந்தது. இதயமும் ஒரு தசைதான் என்கிறது. ஓட ஓட அதன் இடது அறை விரிகிறது. ஒரு துடிப்புக்கு முன்பைவிட அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது. அதனால் ஓய்வில் இருக்கும்போது குறைவாகத் துடித்தாலே போதும். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன் எண்ணுகிற நாடி மாதா மாதம் குறைந்து வந்தால் பயிற்சி பலிக்கிறது என்று பொருள். அதைப் படுக்கை நாடி என்று வைத்துக்கொள்வோம். தினமும் எண்ணி எனக்கு எழுது.

கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிற வேலையில் இருபது வருடம் ஓடிவிட்டது. சோதிக்காமல் எதையும் நான் யாருக்கும் கொடுத்ததில்லை. அதனால்தான் முதலில் என் நாடியை எண்ணினேன். வேறு காரணம் இல்லை.

அத்தான் இறந்து, சென்ற மாதத்தோடு மூன்று வருடம் முடிந்தது. அன்று அலுவலகம் போனேன். ஒரு மீன் கடையில் மூன்று தராசுகளுக்கு முத்திரை மறுத்தேன். வேறு செய்தி இல்லை.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஏப்ரல் 27

என் அக்காவுக்கு,

ஆமை எழுதுகிறேன். சுகமாக இருக்கிறேன். ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது. சின்ன வயதில் நீ வைத்த பெயர் இங்கேயும் வந்துவிட்டது, எல்லாம் என் ஓட்டத்தைப் பார்த்துத்தான். பக்கத்து அறையில் ஒரு முடிதிருத்துபவர் இருக்கிறார். நான் ஓடும்போது சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சுற்று எண்ணுவது அவர் வேலை. "தம்பி, நீ ஓடுற ஓட்டத்துல என் தாடியே வளர்ந்துடும்போல" என்கிறார்.

முற்றத்தை அளந்துவிட்டேன். சேர்க்கைச் சீட்டில் என் உயரம் நூற்று எழுபது சென்டிமீட்டர் என்று இருக்கிறது. துணி காயப்போடும் கயிற்றில் என் உயரத்துக்கு ஒரு துண்டு வெட்டி, சுவர் ஓரமாக வைத்து வைத்துப் பார்த்தேன். சரியாக அறுபது தடவை. ஒரு சுற்று நூற்று இரண்டு மீட்டர். மாரத்தானுக்கு நானூற்றுப் பதினான்கு சுற்று. கணக்கு சரிதானா, அளவை அதிகாரி அம்மா?

இந்த வார நாடி: 71 70 72 69 70 68 69.

ஒரு விஷயம். அக்டோபரில் மறுபரிசீலனைக் குழு உட்காரப் போகிறதாம். மிச்சம் இருக்கிற இரண்டே முக்கால் வருடத்தைக் குறைக்கலாமா என்று பார்ப்பார்கள். இறந்தவரின் குடும்பத்தைக் கூப்பிட்டு ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்களாம். வீட்டுக்குக் கடிதம் வரும். உன் மாமியாரிடம் எனக்காக எதுவும் பேசாதே. வண்டி ஓட்டுகிறபோது தூங்கி, அவர் பெற்ற ஒரே பிள்ளையான அத்தானைச் சுவரில் மோதிக் கொன்றவன் நான். அவர் கோபம் நியாயம்.

இதைப் படிக்கும் ஆய்வு அலுவலர் ஐயாவுக்கும் வணக்கம். உங்களுக்குத்தான் முதல் வாசகர் என்ற பெருமை.

உன் ஆமை


மே 15

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நாடி ஒழுங்காக இறங்குகிறது. என்னுடையது எழுபது.

முற்றக் கணக்கு தப்பு. உன் உயரம் நூற்று எழுபது இல்லை. கல்லூரி போகும் வயதில் கதவு நிலையில் உன்னை நிறுத்திக் கோடு போட்டவள் நான். நூற்று அறுபத்து நான்கு. அதற்குப் பிறகு நீ வளரவில்லை. உன்னைச் சேர்த்துக்கொண்ட அன்று யாரோ செருப்போடு நிறுத்தி அளந்திருக்கிறார்கள், அல்லது அளக்காமலே எழுதியிருக்கிறார்கள். அதோடு மனித உயரம் நல்ல அளவுகோலும் இல்லை. முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற வட்டுகள் பகலெல்லாம் நசுங்கி, மாலையில் ஒரு சென்டிமீட்டர் வரை குறைவோம். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு இன்னும் கொஞ்சம்.

இந்தத் தாளை எடுத்துக்கொள். இருபத்தொன்பது புள்ளி ஏழு சென்டிமீட்டர் நீளம். நான் எழுதுகிற எல்லாத் தாளும் அப்படித்தான். என் கடிதத்தைத் தரையில் வைத்து முற்றத்தை மறுபடி அள.

நானும் ஓட ஆரம்பித்துவிட்டேன். முதல் நாள் நானூறு மீட்டரில் நின்றேன். ஞாயிறுகளில் ஒரு கூட்டம் ஓடுகிறது, அதில் சேர்ந்தேன். நடத்துகிறவர் பல் டாக்டர். "பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடாதீங்க மேடம், தாடை இறுகினா தோள் இறுகும், தோள் இறுகினா மூச்சு போச்சு. அப்புறம் பல் உடைஞ்சு எங்கிட்டதான் வருவீங்க" என்றார். நான் பல்லைக் கடிப்பது அதுவரை எனக்கே தெரியாது. மூன்று வருடமாகக் கடித்திருக்கிறேன்போல. கடைவாய்ப் பல் இரண்டு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொன்னார்.

இன்னொன்று. ஓட ஆரம்பித்த முதல் சில வாரங்களில் ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடிவிடுமாம். சிவப்பணு அதே அளவுதான் இருக்கும், ஆனால் சோதித்தால் சோகை மாதிரி தெரியும். அங்கே சோதித்துச் சொன்னால் பயந்துவிடாதே.

குழுவின் கடிதம் வந்தது. அத்தை வாசலில் நின்றே படித்தார். மடித்து என் கையில் கொடுத்தார். "ஆமை புகுந்த வீடுன்னு சும்மாவா சொன்னாங்க. பேரு வைக்கும்போதே யோசிச்சிருக்கணும்" என்றார். மாலையில் என் காலுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தார். "ஓடி ஓடி எங்கதான் போறே, திரும்பி இந்த வீட்டுக்குத்தானே வரணும்" என்றார். இரண்டும் ஒரே நாளில்.

இங்கே அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை மாரத்தான். பெயர் கொடுத்துவிட்டேன். நீயும் அன்றே உன் முற்றத்தில் ஓடு.

அக்கா


ஜூன் 1

என் அக்காவுக்கு,

நான் நலம். உடம்பில் ஆறு சென்டிமீட்டர் மட்டும் காணவில்லை. உன் கடிதத்தை முடிதிருத்துபவருக்குப் படித்துக் காட்டியது தப்பாகிவிட்டது. "பல பேருக்கு இங்க வந்து எடை குறைஞ்சு பாத்திருக்கேன். ஒரே கடுதாசியில உயரம் குறைஞ்சவன் நீ ஒருத்தன்தான்" என்று வார்டு முழுக்கச் சொல்லிவிட்டார்.

உன் தாளை வைத்து வைத்துப் போனேன். அவர் ஒரு பக்கம் விரல் வைத்து அமுக்க, நான் அடுத்த தாளை வைக்க, முந்நூற்று முப்பத்தொரு தாள். தொண்ணூற்றெட்டு மீட்டர் முப்பது. நானூற்று முப்பது சுற்று. ஒரே நாளில் பதினாறு சுற்று கூடிவிட்டது. உண்மையைச் சொன்னால் வேலை அதிகம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

கண்காணிப்பாளர் அக்டோபர் 12 அன்று காலை ஆறு முதல் பதினொன்று வரை முற்றத்தைத் திறந்து வைக்கச் சம்மதித்துவிட்டார். நூற்று எண்பது சுற்று வரை போய்விட்டேன். முப்பது கிலோமீட்டரில் ஒரு சுவர் வரும் என்கிறார்களே, அது என்ன? எனக்கு ஏற்கெனவே நாலு பக்கமும் சுவர்தான்.

நாடி: 66 65 67 65 64 66 64. உன்னுடையதை அட்டவணையாகப் போட்டு அனுப்பு. போட்டி வைத்துக்கொள்வோம்.

உன் மாமியார் உடம்பு எப்படி? நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

உன் ஆமை


ஜூன் 22

(முதல் தாள்)

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். அத்தைக்கு நான்கு நாள் காய்ச்சல் இருந்து நேற்று இறங்கியது.

நீ கேட்ட சுவர் இதுதான். தசையிலும் கல்லீரலிலும் உடம்பு சர்க்கரையைச் சேமித்து வைக்கிறது. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய அரைக் கிலோ. நம்மைப் போன்றவர்களுக்கு முப்பது, முப்பத்திரண்டு கிலோமீட்டர் வரை போதும். அது தீர்ந்ததும் உடம்பு கொழுப்புக்கு மாறுகிறது. கொழுப்பு ஏராளமாக இருக்கிறது, ஆனால் மெதுவாக எரியும். கால் கனக்கும். மூளைக்குச் சர்க்கரைதான் சாப்பாடு, அதனால் கூட்டல் கழித்தல்கூட மறந்துபோகும். வாரம் ஒரு நாள் மிக மெதுவாக நீண்ட தூரம் ஓடினால், தசை முதலிலிருந்தே கொழுப்பைக் கலந்து எரிக்கப் பழகும். வேகமாக ஓடுகிறவனைவிட நிதானமாக ஓடுகிறவனுக்குச் சுவர் தள்ளிப்போகும். ஆமை என்று பெயர் வைத்தது வீண் போகவில்லை.

நாடி அட்டவணை அடுத்த தாளில். அதில் வியாழக்கிழமையைப் பார். அதைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

(இரண்டாம் தாள்)

66 65 66 64 65 64 65
64 64 63 65 63 64 63
63 62 64 62 63 62 63
62 63 62 61 76 67 63

(இரண்டாம் தாள், பின்பக்கம்)

அந்த எழுபத்தாறு, அத்தைக்குக் காய்ச்சல் என்று நான் மூன்று மணி நேரம் மட்டும் தூங்கி எழுந்த காலை. எட்டுத் துடிப்பு கூடினாலே அன்று ஓடாதே என்கிறது புத்தகம். தூக்கம் இல்லாத உடம்பு பழுது பார்க்கப்படாத உடம்பு. நான் ஓடினேன். ஏழாவது கிலோமீட்டரில் ஓடிக்கொண்டே தூங்கிவிட்டேன். இரண்டு, மூன்று நொடி இருக்கும். நடைபாதை விளிம்பில் கால் இடித்ததும் விழிப்பு வந்தது. தூக்கம் வருகிறது என்று அதற்கு முன் எனக்குத் தெரியவே இல்லை. கண் மூடியதும் தெரியவில்லை. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மூன்று நொடியில் ஐம்பது மீட்டர் போகும். அங்கேயே நின்று கணக்குப் போட்டேன்.

விபத்து நடந்த அன்று நீ பால் பண்ணையில் இரவு வேலை முடித்து வந்தபோது மணி ஐந்தரை. நீ படுத்ததைப் பார்த்தேன். அத்தானுக்கு ஏழு பத்து ரயில். சொல்லி வைத்த வாடகைக் கார் வரவில்லை. ஆறு இருபதுக்கு நான்தான் மாடி ஏறி வந்து உன்னை எழுப்பினேன். "கண்ணு தொறக்க மாட்டேங்குதுக்கா" என்றாய். "பத்து நிமிஷ வேலைடா, விட்டுட்டு வந்து படுத்துக்கோ" என்றேன். நீ திரும்பிப் படுத்தாய். நான் போர்வையை இழுத்தேன். ஈரத் துண்டால் உன் முகத்தைத் துடைத்ததும் நான்தான். அத்தான் கீழே ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு இது எதுவும் தெரியாது.

நீதிமன்றத்தில், யாராவது ஓட்டச் சொன்னார்களா என்று உன்னைக் கேட்டார்கள். "யாரும் சொல்லல, அத்தான் வேண்டாம்னுதான் சொன்னார், நான்தான் பிடிவாதமா வண்டிய எடுத்தேன்" என்றாய். என்னைக் கேட்டபோது, சமையலறையில் இருந்தேன், தெரியாது என்றேன். நான் முதல் நாள் உன்னைப் பார்க்க வந்தபோது நீ சொல்லிக் கொடுத்தபடி. "நீ வாயத் தொறக்காத. உனக்கு வேற வீடு இல்ல" என்றாய். நான் சாட்சி சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்ததும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இதை ஒரு தடவையாவது எழுத வேண்டும் என்று நினைத்தேன். எழுதினால் ஏதாவது ஆகும் என்று இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

(மூன்றாம் தாள்)

உடம்பைப் பார்த்துக்கொள். முப்பது கிலோமீட்டர் தாண்டினால் உப்பும் வேண்டும், வெறும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்காதே. காலணி அரை அளவு பெரிதாக இருக்கட்டும். ஓட ஓடப் பாதம் வீங்கும்.

அக்கா


ஜூலை 27

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? என் கடிதம் போய் ஐந்து வாரம் ஆகிறது. பதில் இல்லை. பார்க்க வர விண்ணப்பித்தேன், இந்த மாதம் இடம் இல்லை என்றார்கள்.

கோபம் என்றால் கோபம் என்று எழுதலாம். எழுதாமல் இருப்பதுதான் பதில் என்றால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

நேற்று இருபத்தாறு கிலோமீட்டர். வலது காலின் இரண்டாவது விரல் நகம் கறுத்துவிட்டது. பல் டாக்டர், "இப்பத்தான் நீங்க ஓட்டக்காரி" என்றார். தொட்டுப் பார்த்தேன். வலிக்கவில்லை. நாடி 60.

அக்கா


ஆகஸ்ட் 12

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

பொருள்: கடிதங்கள் நிறுத்திவைப்பு, தொடர்பாக.

தங்கள் சகோதரருக்கும் தங்களுக்கும் இடையிலான கடிதங்களில் விளக்கமற்ற எண் வரிசைகள் தொடர்ந்து காணப்படுவதாலும், அவை வாரந்தோறும் சீராகக் குறைந்து வருவதாலும், முற்றத்தின் நீள அகலம் பற்றிய குறிப்புகளும் உடன் உள்ளதாலும், அவை சங்கேதமாக இருக்கலாம் என்ற ஐயத்தின்பேரில் ஜூன் மாதம் முதல் இருதரப்புக் கடிதங்களும் நிறுத்திவைக்கப்பட்டுள்ளன. எண்களின் பொருளை எழுத்து மூலம் பதினைந்து நாட்களுக்குள் விளக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

அலுவலர், கடித ஆய்வுப் பிரிவு


ஆகஸ்ட் 14

ஐயா,

வணக்கம். தாங்கள் கேட்ட விளக்கம்.

அந்த எண்கள் எங்கள் நாடித்துடிப்பு. காலையில் படுக்கையை விட்டு எழும் முன் ஒரு நிமிடத்துக்கு எத்தனை என்பது. பயிற்சி செய்கிறவர்களுக்கு அது சீராகக் குறையும். தாங்களும் நாளைக் காலை எண்ணிப் பார்த்தால் ஏறக்குறைய எழுபது வரும். முற்றத்தை அளந்தது தப்பிப்பதற்காக அல்ல, அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடுவதற்காக. கண்காணிப்பாளரின் அனுமதி இருக்கிறது.

நிறுத்திவைத்த கடிதங்களை, முக்கியமாக ஜூன் 22 தேதியிட்டதை, முழுமையாக என் தம்பியிடம் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறேன். மூன்று தாள்கள். எண் போட்டிருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கைதியின் சகோதரி


செப்டம்பர் 5

என் அக்காவுக்கு,

ஒரு வழியாகக் கடிதங்கள் வந்து சேர்ந்தன. இரண்டு மாதம் நீ எழுதவில்லை என்று நான் நினைக்க, நான் எழுதவில்லை என்று நீ நினைத்திருக்கிறாய். கோபமா என்று கேட்டிருக்கிறாய். எதற்குக் கோபம்? என் உயரத்தைக் குறைத்ததற்கா?

ஆய்வு அலுவலர் நேரில் வந்து பேசினார். நல்ல மனுஷன். தன் நாடி எண்பத்தெட்டு என்றார், முகம் வாடிப் போயிருந்தது. மாடிப்படி ஏறி இறங்குங்கள் ஐயா என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் எண்கள் இருந்த தாளை மட்டும் கொடுக்கவில்லை. அதைச் சான்றாகக் கோப்பில் நாலு மூலையும் பசை தடவி ஒட்டிவிட்டார்களாம். பிரித்தால் கிழியும் என்றார்.

அதனால் உன் முதல் தாள் 'ஒன்று சொல்ல வேண்டும்' என்று முடிகிறது. மூன்றாம் தாள் 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்று ஆரம்பிக்கிறது. நடுவில் இருந்தது நாடிக் கணக்குதானே? அப்படியே இருக்கட்டும் அக்கா. அதை மறுபடி எழுத வேண்டாம். பசை நல்ல பசை.

குழு அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை. உன்னைக் கேட்டால் 'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று மட்டும் சொல். உன் மாமியாரும் கையெழுத்துப் போட்டால்தான் குறைப்பார்களாம், போட மாட்டார், பரவாயில்லை. இரண்டே முக்காலாக இருந்தது இரண்டரைக்கும் கீழே வந்துவிட்டது பார். நூற்று எண்பது சுற்றாக இருந்தது முந்நூறு ஆகிவிட்டது. எல்லாம் எண்ணினால் தீரும்.

அத்தானுக்கு இந்த மாதம் பிறந்த நாள் வரும். இங்கே யாரிடமும் சொல்ல மாட்டேன். அன்று ஓட மாட்டேன்.

உன் ஆமை


செப்டம்பர் 24

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இரண்டாம் தாளில் இருந்தது நாடிக் கணக்குதான்.

இனி ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்துவிடு. கடைசி மூன்று வாரம் ஓய்வில்தான் தசையின் கிழிசல்கள் ஆறும். இப்போது கூடுதலாக ஓடுவதால் எதுவும் கூடாது. கடைசி மூன்று நாள் சோறு, ரொட்டி, கிழங்கு எது கிடைத்தாலும் நிறையச் சாப்பிடு. சர்க்கரையோடு சேர்ந்து தண்ணீரும் தசையில் ஏறும், ஒரு கிலோ எடை கூடும். கவலைப்படாதே.

குழுவிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. அத்தை தன் பெயருக்கு நேராக 'ஆட்சேபணை உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னிடம் பேனாவை நீட்டினார். "நீ உன் மனசுல இருக்கறத எழுதிக்கோ. அவன் உனக்குத் தம்பி, நான் குறுக்க வரமாட்டேன்" என்றார். நேரில் சொல்கிறேன் என்று எழுதினேன்.

நன்றாகத் தூங்கு.

அக்கா


அக்டோபர் 13

அன்புள்ள தம்பிக்கு,

இன்று காலையும் முதலில் நாடியைத்தான் எண்ணினேன். எழுபத்தைந்து. நேற்று ஓடிய உடம்பு. இறங்க நான்கு நாள் ஆகும். பல் டாக்டர் சொல்கிறார், மாரத்தானுக்கு மறுநாள் ரத்தத்தைச் சோதித்தால் மாரடைப்பு வந்தவரின் ரத்தத்தில் இருப்பதே நம்முடையதிலும் இருக்குமாம். இதயத் தசையிலிருந்து கசிவது. சில நாளில் தானாகச் சரியாகிவிடுமாம்.

நீ எத்தனை சுற்று ஓடினாய் என்று எனக்கு இன்னும் தெரியாது. முடிதிருத்துபவர் சரியாக எண்ணியிருப்பார்.

நேற்று அத்தை நான்கு மணிக்கே எழுந்துவிட்டார். வாழைப்பழமும் உப்புப் போட்ட கஞ்சியும் கொடுத்தார். வாசல்வரை வந்து, "விழுந்து கிழுந்து வைக்காதே. எனக்கு இருக்கறது நீ ஒருத்திதான்" என்றார்.

முதல் இருபது கிலோமீட்டரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. மூச்சு, கால், மூச்சு, கால். நான் வேலைக்குப் போகும் தெருக்கள்தான். நான் முத்திரை குத்திய தராசு இருக்கும் ஆறு கடைகளைத் தாண்டினேன். இருபத்தெட்டில் தொடை இறுகியது. முப்பத்திரண்டில் சுவர் வந்தது. வலிக்கும் என்று நினைத்திருந்தேன். வலிக்கவில்லை. எல்லாம் தூரமாகப் போய்விட்டது. என் கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த நிலை எனக்குப் புதிதில்லை. மூன்றரை வருடமாக அப்படித்தான் இருக்கிறேன். அதற்குப் பழகிய ஒருத்தியாக இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓடினேன்.

முப்பத்து நான்கில் ஒரு முதலுதவி மேசை இருந்தது. நான் நேராக ஓடவில்லை என்று அங்கிருந்த செவிலியர் என் தோளைப் பிடித்து நிறுத்தி நாற்காலியில் உட்கார வைத்தார். ஐம்பது வயது இருக்கும், குரல் பெரிது. மூளை வேலை செய்கிறதா என்று சோதிக்கக் கேள்வி கேட்டார். இன்னைக்கு என்ன கிழமை? ஞாயிறு. நூறுல ஏழு போனா? சொல்லத் தெரியவில்லை. சர்க்கரைத் தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டு, திட்டுகிற மாதிரி, "இந்த வயசுல இதெல்லாம் தேவையாம்மா? யாரு உங்கள ஓட்டச் சொன்னது?" என்றார். ஓடச் சொன்னது என்றுதான் அவர் சொல்லியிருப்பார். என் காதில் விழுந்தது அன்று நீதிமன்றத்தில் கேட்ட கேள்வி.

"நான்தான்" என்றேன். "நான்தான் சொன்னேன். ஆறு இருபதுக்கு எழுப்பினேன். அவன் வரலன்னுதான் சொன்னான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரிம்மா, சரி. முதல்ல இதக் குடிங்க" என்றார். உளறுகிறேன் என்று நினைத்திருப்பார். பக்கத்தில் இருந்த பெண்ணிடம், சர்க்கரை இறங்கினா இப்படித்தான், என்னென்னவோ பேசுவாங்க என்றார்.

பொய்யைப் பிடித்து வைத்திருக்கவும் உடம்புக்குச் சர்க்கரை வேண்டும்போல. அது தீர்ந்ததும் கை தானாக விட்டுவிட்டது. ஆனால் தண்ணீரைக் குடித்து முடித்து, நூறில் ஏழு போனால் தொண்ணூற்று மூன்று என்று நினைவு வந்த பிறகும், சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. எழுந்து நடந்தேன். பிறகு ஓடினேன். ஐந்து மணி நேரம் இருபத்தாறு நிமிடத்தில் முடித்தேன். கழுத்தில் ஏதோ மாட்டினார்கள்.

நீ மறுபடி எழுத வேண்டாம் என்றாய். இரண்டாம் தாளில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் பசையைப் பாராட்டினாய். சின்ன வயதிலும் இப்படித்தான். நான் உடைத்ததை எடுத்து உன் படுக்கைக்கு அடியில் வைப்பாய். ஆனால் நான் அளவை அதிகாரி. முத்திரை தப்பு என்று தெரிந்த பிறகு ஒரு தராசை ஓட விட்டதில்லை. இதை மட்டும் மூன்றரை வருடம் ஓட விட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். அத்தை, "ஒரு மணி நேர வேலைக்கு எதுக்கு முழு நாள் லீவு?" என்றார். "கால் வலி அத்தை" என்றேன். குழுவுக்கு நானும் வருகிறேன், எனக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது என்று கிளம்பத் தயாராக இருக்கிறார். அதனால் அவரும் அந்த அறையில்தான் இருப்பார். அன்று போலவே என் பக்கத்தில் உட்காருவார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் எனக்கு அறை இருக்குமா, அலுவலகத்தில் நாற்காலி இருக்குமா, பொய்ச் சாட்சிக்கு என்ன தண்டனை, எதுவும் தெரியாது. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல வேண்டிவரும். உன்னிடமும் சொல்லவில்லை. இதை எழுதி முடித்ததும் அலுவலகப் பதிவேட்டுக்குள் வைத்துவிடுவேன். தபால் தலை ஒட்டமாட்டேன். வெள்ளிக்கிழமை மாலை ஒட்டிப் போடுவேன். நீ தடுக்க முடியாத நாளில் உனக்குக் கிடைக்கும்.

பயமாக இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். தெரியவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். எண்பத்து நான்கு.

அத்தை வெந்நீர் கொண்டு வருகிற சத்தம் கேட்கிறது. தாளை மடிக்கிறேன்.

அக்கா